கறுப்புக் கல்லுக்கு எண்ணெய்

"ஏன் பிள்ளை படிப்பை விட்டனி?" என்று றஞ்சனா மிஸ் ஒருநாள் கேட்டார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, காதில் விழாதவள்போல நின்றேன். கணக்குத் தெரியாமல் கரும்பலகைக்கு முன்னால் நின்ற வெட்கத்தை எப்படிச் சொல்வது? அவர் திரும்பக் கேட்கவில்லை. அதனாலேயே அவரைப் பிடித்துப்போனது.

கெலிஓயாவில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில், நிலத்தை ஆழமாகத் துளையிட்டு எடுத்த கல் உருளைகள் நீண்ட பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றின் சேற்றைக் கழுவுவது என் வேலை. மிஸ் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பேராதனையில் ஆராய்ச்சி செய்கிறார். சேறு இறுகிய கறுப்பு மாக்கல்லில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்கிறார். கடலடியில் செத்து மட்கிய உயிர்கள்தான் அந்தக் கறுப்பாம். தூளாக்கிச் சுட்டால் எண்ணெய்ச் சத்து வருமாம்.

ஒரு பெட்டிக் கல் மட்டும் காய்ந்து, சாம்பல் பூத்து, ஏடு ஏடாக உரியத் தொடங்கியது. அந்த ஆழத்திலிருந்து வந்தது அது ஒன்றுதான், உதிர்ந்தால் தன் படிப்பும் போச்சு என்று மிஸ் கவலைப்பட்டார். ஹுன்னஸ்கிரியவில் எங்கள் தேயிலைத் தோட்டத்து முனியாண்டிக் கல்லுக்கு அப்பா வெள்ளிதோறும் தேங்காயெண்ணெய் பூசுவார். எந்த மழைக்கும் வெயிலுக்கும் அது வெடித்ததில்லை. நான் தலைக்கு வைக்கும் எண்ணெயைக் கொண்டுபோய், பெட்டி முழுவதும் பஞ்சால் பூசித் துடைத்தேன். கல் புதிதுபோல் கறுத்தது. நன்றாகக் கழுவியிருக்கிறாய் என்று மிஸ் பாராட்டினார். எண்ணெய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் துண்டுகளைத் தூளாக்கிச் சோதனைக்கு எடுத்துப் போனார்.

நேற்று கேக் வாங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பெட்டியில் மட்டும் எண்ணெய்ச் சத்து எக்கச்சக்கமாம். மறுநாள் பேராசிரியர்கள் முன்னால் அதைத்தான் சொல்லப் போகிறாராம்.

"சாப்பிடு பிள்ளை. நீ கழுவின கல்லுத்தான் என்னைத் தூக்கிவிட்டது."

கையிலிருந்த கேக்கை மேசையில் வைத்தேன். அவரும் எல்லோர் முன்னாலும் நிற்கப் போகிறார்.

"மிஸ், அது கல்லோட எண்ணெ இல்ல. நான் பூசுன தேங்காயெண்ணெ."

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். எண்ணெய்ப் போத்தலை எடுத்துக் காட்டினேன்.

"எங்க சாமி கல்லுக்குப் பூசுவோம். வெடிக்கக் கூடாதுன்னுதான்..."

பெட்டியைத் திறந்து ஒரு துண்டை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என் பின்னலைப் பார்த்தார். அதை அறுத்து எறிந்துவிடலாம் போலிருந்தது.

துண்டை மேல் கீழ் மாறாமல் இருந்த இடத்திலேயே வைத்தார். விரல்களைக் கைலேஞ்சியில் துடைத்தார். கேக் பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டு வாசலைத் தாண்டிப் போனார்.