ஏழு மணிப் பால் பை

1

ஓர் அம்மாளை ஊருக்குப் போகவிடாமல் தடுப்பதற்காகத்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். இலக்கிய நோக்கம் எதுவும் கிடையாது. வெறும் சுயநலம்.

1996. கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மூன்று மாடி வீடு. இரண்டாவது மாடியில் நான், முதல் மாடியில் அலமு மாமி. மாமியின் கணவர் சுந்தரராஜன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெறுவதற்கு முன்பே சென்னையில், திருவான்மியூரைத் தாண்டி ஒரு கடலோரக் குடியிருப்பில் வீடு வாங்கிப் போட்டார். அதில் ஒரு மாதம்கூட வாழாமல் போய்ச் சேர்ந்தார். மாமி ஒவ்வொரு ஜனவரியிலும் இரண்டு வாரம் அங்கே போய், வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

ஒரு சாயங்காலம் கரியாஹாட்டில் கீரை வாங்கிக்கொண்டு நடந்து வரும்போது, "இனிமே அங்கேயே போய் இருந்துடலாமான்னு பாக்கறேண்டி வசு" என்றாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வயது ஐம்பதை நெருங்குகிறது, இந்த ஊரில் என்னை ஒருமையில் கூப்பிட இவள் ஒருத்திதான். "போகாதீங்கோ மாமி" என்று இரண்டே வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. கதை எழுதினேன்.

2

முதல் தொடக்கம்:

"அந்தக் கடலோர நகரில் கடலைத் தவிர எல்லோருக்கும் வயதாகியிருந்தது."

இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஆபீசில் மிதந்தேன். அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை என்பது உறுத்தவேயில்லை.

இரண்டாம் தொடக்கம்:

"மாலை ஆறு மணிக்கு மேல் அந்தத் தெருக்களில் விளக்குகள் மட்டும் ஒன்றையொன்று"

(விட்டுவிட்டேன். தெருவிளக்கு பாவம், அது என்ன செய்தது?)

முதல் தொடக்கத்தை வைத்து நான்கு பக்கம் எழுதி மாமிக்குப் படித்துக் காட்டினேன். வரிசையாக மூடிய கதவுகள், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளின் தொலைபேசிக்குக் காத்திருக்கும் கிழவர்கள், இரவு முழுதும் அழும் கடல்.

மாமி காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "கடல் எங்கேடி அழறது? அது பாட்டுக்கு ஃபேன் மாதிரி சத்தம் போட்டுண்டிருக்கும். ரெண்டு நாள்ல காதுலயே விழாது. அங்க யாரும் கடலைப் பாத்துண்டு உக்கார மாட்டா. நாற்காலியத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டுண்டு யார் வரா, யார் போறான்னு பாத்துண்டிருப்பா."

(இந்த நாற்காலிகள் என் கற்பனைக்கு எட்டவே இல்லை. முகம் தெரியாத அந்தக் கிழவர்கள் மீது எனக்குப் பொறாமையாக இருந்தது.)

3

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குருமூர்த்தி. மாமியின் கடலோர வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர், ரயில்வேயில் கார்டாக இருந்தவர். அந்தக் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டாம். விடியற்காலையில் பால்காரர் எல்லார் வீட்டுக் கதவிலும் தொங்கும் பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போவார். ஏழு மணிக்குள் பையை உள்ளே எடுத்துவிட வேண்டும். ஏழைத் தாண்டியும் யார் கதவிலாவது பை தொங்கினால், பக்கத்து வீட்டுக்காரர் மணியடிப்பார். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. வரிசைக்கு ஒருவர் பார்த்துக்கொள்வார். மாமியின் வரிசைக்குக் குருமூர்த்தி.

போன ஜனவரியில் மாமி ஒருநாள் அசந்து தூங்கிவிட்டாள். ஏழு பத்துக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் குருமூர்த்தி. "ஒண்ணுமில்லையே மாமி? சரி, சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

எனக்கு அல்வா சாப்பிட்டது மாதிரி இருந்தது. குருமூர்த்தியை ஒரு கழுகாக்கிவிட்டேன். "யார் செத்தார் என்று பார்ப்பதற்கே அதிகாலையில் எழுந்துகொள்ளும் மனிதர் அவர்" என்று எழுதினேன்.

மாமிக்கு முகம் சுண்டிவிட்டது. "அந்த மனுஷனைப் போய் ஏண்டி இப்படி எழுதறே? வேலைல இருந்தப்போ கடைசிப் பெட்டி வரைக்கும் பாத்துட்டுத்தான் பச்சைக் கொடி காட்டுவாராம். அந்தப் பழக்கம்."

"இருந்தாலும் மாமி, தினமும் உயிரோட இருக்கேன்னு பையை எடுத்துக் காட்டணும்னா..."

"காட்டினா என்ன? பாக்கறதுக்கு ஒருத்தர் இருக்காரே."

அவரைக் கழுகாக்கிய வாக்கியத்தை நான் அடிக்கவில்லை. நன்றாக வந்திருந்தது.

4

இந்தப் பகுதியை ஏழு தரம் எழுதினேன். இது எட்டாவது.

ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை, மழை. கதையை முடித்தே தீருவது என்று லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைய கையெழுத்துப் பிரதி இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்து அப்படியே தருகிறேன்:

"அந்த நகரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. காலை ஏழு மணிக்கு எங்கோ ஒரு வாளி உருண்டது. பிறகு இன்னொரு தரம். பிறகு அமைதி. கடல் மட்டும்"

அந்த வாளி என் கற்பனை இல்லை. கீழேயிருந்து, குளியலறைச் சுவர் வழியாக வந்த சத்தம். காதில் விழுந்தது, கதைக்குப் பொருத்தமாக இருந்தது, எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டுக் கடலைப் பற்றி யோசிக்கப் போய்விட்டேன்.

பதினொன்றரை மணிக்கு மாமி வீட்டு வேலைக்கு வந்த ஜர்னா, கதவு திறக்கவில்லை என்று மேலே ஓடி வந்தாள். "தீதி, மாஷிமா தொர்ஜா குல்ச்சே நா!" மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. என் மேஜைமேல், காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தேன்.

மாமி குளியலறைத் தரையில் கிடந்தாள். மணிக்கட்டு முறிந்திருந்தது. நாலரை மணி நேரம். ஈரப் புடவையோடு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டாக்ஸியில் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"வாளியக் காலால தட்டினேண்டி. நாலு தரம். உனக்குக் கேக்கும்னு நெனச்சேன். மழைச் சத்தத்துல கேக்கல போலிருக்கு."

"ஆமாம் மாமி. மழை" என்றேன்.

(இதற்கு மேல் இந்தப் பகுதியில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நாலு தரம் என்றாள் மாமி. நான் எழுதியது இரண்டு. மற்ற இரண்டின்போது வேறு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.)

5

கட்டுப் பிரித்த பிறகு, அடுத்த ஜனவரியில் மாமி கிளம்பினாள். திரும்பி வருவதற்கான டிக்கெட் எடுக்கவில்லை. ஹௌரா ஸ்டேஷனில் ஜர்னா அழுதாள், நானும் அழுதேன். மாமி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "ஒழுங்கா சாப்பிடு" என்றாள்.

இப்போது 1998. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறோம். அங்கே மாமிக்கும் ஒரு நாற்காலி, தெருவைப் பார்த்து. மேல்வரிசைப் பைகளைப் பார்ப்பது இப்போது மாமியின் வேலை. பதினோரு வீடு. "நேத்திக்கு ஒரு பை தொங்கிண்டே இருந்தது. பதறிப் போய் மணியடிச்சா, அவர் நாழியாறது தெரியாம பேப்பர் படிச்சுண்டிருக்கார்! நன்னாத் திட்டினேன்." குரலில் பத்து வயது குறைந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? பட்டேன். கொஞ்சம் நேரமாயிற்று.

போன ஞாயிறு கேட்டாள்: "என் கதை என்னாச்சு? அனுப்பேன். எனக்குக் கண்ணுல புரை. குருமூர்த்தி சத்தமாப் படிச்சுக் காட்டறேன்னு சொல்லியிருக்கார்."

ஆக, நான் கழுகாக்கிய மனிதரே என் நாலாம் பகுதியைப் படிக்கப் போகிறார். ரயில்வே குரலில், நாற்காலி வரிசை மொத்தமும் கேட்க.

முடிவுகளை யோசித்துப் பார்த்தேன்.

அ) நாலாம் பகுதியை எடுத்துவிட்டு அனுப்புகிறேன். மாமி கேட்டு மகிழ்கிறாள். (இந்த முடிவு ஆறு நாள் உறைக்குள் இருந்தது. தபால் தலைகூட ஒட்டிவிட்டேன்.)

ஆ) முழுவதும் அனுப்புகிறேன். மாமி, "எனக்கு அப்பவே தெரியும்டி" என்கிறாள். (கதைகளில் மன்னிப்பு இப்படி எளிதாகக் கிடைக்கும். எழுதுகிறவள் கையில்தானே இருக்கிறது.)

இ) முழுவதும் அனுப்புகிறேன். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்

6

உறையைக் கிழித்து நாலாம் பகுதியைச் சேர்த்து, இன்று காலை தபாலில் போட்டுவிட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. மாமி என்ன சொன்னாள் என்று நான் எழுதப் போவதில்லை. நீங்கள் தட்டிய வாளியை யாராவது கேட்டும் கேட்காமல் இருந்திருப்பார்கள். அவர்களிடம் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதை இங்கே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. அன்றைக்குப் போனை வைக்கும்முன் மாமி கேட்டாள்: "உன் கதவுல பை மாட்டறியோ?"

"இங்க யார் மாமி பாக்கப் போறா?"

"யார்கிட்டயாவது சொல்லி வைடி" என்றாள்.

கீழ்வீட்டில் இப்போது ஓர் இளம் தம்பதி. பார்த்தால் சிரிப்பார்கள். அவர்களிடம் போய், "காலையில் என் பையைக் கொஞ்சம் பாருங்கள்" என்று சொல்ல இரண்டு தரம் படியிறங்கி, இரண்டு தரமும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு ஏறி வந்தேன். எழுதத்தான் தெரிகிறது.

ஆனால் பை வாங்கிவிட்டேன். லேக் மார்க்கெட்டில், பச்சைக் கட்டம் போட்டது. நாளைக் காலையிலிருந்து கதவில் தொங்கும். இரண்டாவது மாடி, படியேறியதும் இடது பக்கம். ஜர்னாவின் வேலை கீழ்வீட்டோடு முடிந்துவிடுகிறது. இந்த ஊரில் இதைத் தெரிந்தவர் இப்போதைக்கு நீங்கள் ஒருவர்தான். ஏழு மணிக்கு மேலும் அது அங்கேயே இருந்தால், வாசிப்பதை நிறுத்திவிட்டு வந்து மணியடியுங்கள்.