ஒரு கைச் சாப்பாடு

அம்மா இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டாள். வலது கைக்கு வேலை இருக்கிறது.

என் கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால் எட்டு பிரஸ் மெஷினும் வரிசையாகத் தெரியும். அம்மா நான்காவது. தகட்டை உள்ளே வைத்துவிட்டு, வெளியே உள்ள இரண்டு பச்சைப் பொத்தான்களை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருக்கும் இரும்பு இறங்கி, தகட்டைக் கதவுக் கீலாக்கும். இரண்டு பொத்தான் வைத்தவன் முட்டாள் இல்லை. இரண்டு கையும் பொத்தான்மேல் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்க முடியாது. அந்தப் பொத்தான்களைத் தினமும் காலை எட்டு மணிக்குச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடத்தான் எனக்குச் சம்பளம். எங்கள் வீட்டில் கையெழுத்துக்குச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் நான்.

சாண்ட்விச்சும் என் யோசனைதான். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வது அயோக்கியத்தனம். முன்பெல்லாம் அரை மணி நேர இடைவேளையில் இருபது நிமிடம் கை கழுவும் வரிசையிலும், டப்பாவைச் சூடாக்கும் அடுப்பு முன்னாலும் போய்விடும். மிச்சப் பத்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். கம்பெனியே சாண்ட்விச் கொடுத்தால் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவார்களே என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படித்துவிட்டு, "படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதாம்மா" என்றார். ஒரு வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாதம் அட்டைப் பெட்டிகளில் சாண்ட்விச் வந்தது, இடைவேளை போனது. ஒரு கையால் தின்னக்கூடிய பண்டத்துக்கு மெஷினை எதற்கு நிறுத்த வேண்டும்?

ஆனால் பொத்தான் இரண்டாயிற்றே. பன்னிரண்டரைக்கு எட்டுப் பேரும் இடது பொத்தானை அமுக்கி, அதன்மேல் டேப் ஒட்டிவிடுவார்கள். ஒரு மணிக்குப் பிரித்துவிடுவார்கள். நான் பார்க்கும் காலை எட்டு மணிக்கு எல்லாம் யோக்கியமாக இருக்கும்.

முந்தாநாள் ஆறாவது மெஷினில் குட்டையக்காவின் தகடு நகர்ந்தது. இடது கையால் நேராக்கப் போயிருக்கிறாள், சாண்ட்விச்சோடு. வலது கை பழக்கத்தில் பொத்தானை அழுத்திவிட்டது. கையை இழுத்துக்கொண்டாள். ரொட்டி மாட்டிக்கொண்டது. காகிதமாக நசுங்கி, திருகாணிக்கு மூன்று ஓட்டையோடு வெளியே வந்ததைத் தூக்கிப் பிடித்து, "இன்னும் ஒண்ணு இருந்தா எங்க வீட்டுக் கதவுக்கு ஜோடியா மாட்டிடலாம்டி" என்றாள். எட்டுப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மாதான் அதிகம் சிரித்தாள். எனக்கு அந்த ஓட்டைகளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

நேற்று மேனேஜரிடம் போனேன்.

"டேப்பா? காலைல நீ பாத்தப்ப இருந்துச்சாம்மா?"

"இல்ல சார். மத்தியானம்தான் ஒட்டறாங்க."

"காலைல இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கல்ல? அப்ப இல்லதானே." குரலே உயரவில்லை. "உங்கம்மாவும் அங்கதான இருக்காங்க. வீட்லயே சொல்லிப் பாரேன்."

வீட்டில் அம்மா தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இடது கையால் பிசையத் தொடங்கினாள். அது அவளுக்கே தெரியவில்லை.

"நாளைக்கு எல்லா டேப்பையும் எடுத்துப் பூட்டிடுவேன்."

"பூட்டிக்கோ. பட்டினியா நிக்கறோம்."

"கை போயிடும்மா."

"இந்தக் கைதான்டி உன்னைப் படிக்க வெச்சுது. எங்க போகணும், எப்ப வரணும்னு அதுக்குத் தெரியும். நீ சோத்தைத் தின்னு."

"அடிக்கற பீஸ் கணக்கு குறைஞ்சா குறையட்டுமே."

"குறைஞ்சா யாரை நிறுத்துவான்? உன்னையா?" என்றாள்.

இன்று காலை ஏழரைக்கே போய், கருவிப் பெட்டிகளையெல்லாம் குடைந்து பதினொரு டேப் சுருள்களை என் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். எட்டு மெஷினையும் சரிபார்த்தேன். எட்டுத் தாள்களில் கையெழுத்துப் போட்டு, ஒவ்வொன்றையும் அதனதன் மெஷினில் கிளிப்பில் மாட்டினேன்.

பன்னிரண்டரைக்கு அட்டைப் பெட்டிகள் வந்தன. சத்தம் நிற்கட்டும் என்று அறைக்குள் காத்திருந்தேன். இங்கே கொஞ்ச நாள் இருந்தால் ஒவ்வொரு மெஷினின் சத்தமும் தனித்தனியாகக் காதுக்குப் பிடிபட்டுவிடும். எண்ணினேன். எட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடத் தயங்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினேன். முதல் மூன்று மெஷின்களிலும் கிளிப் காலியாக இருந்தது. நான்காவதிலும். அம்மா இடது பொத்தானை அமுக்கி, ஓர இடுக்கில் எதையோ வெள்ளையாகச் செருகியிருந்தாள். நான்காக மடித்த தாள். 'இரண்டு பொத்தான்களும் சரி' என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து, பாதி உள்ளே, பாதி வெளியே.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. முட்டை சாண்ட்விச்சை ஒரு கடி கடித்துவிட்டுக் குனிந்தாள். உள்ளே தகடு ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. வலது உள்ளங்கை பொத்தான்மேல் தயாராக இருந்தது. இடது கை, ரொட்டியோடு, தகட்டை நோக்கிப் போனது.

கத்த வாயைத் திறந்தேன். கத்தினால் திரும்பிப் பார்ப்பாள், வலது கை தானாக அழுத்திவிடும்.

கடித்த இடத்திலிருந்து மஞ்சள் கரு ஒரு துணுக்கு உதிர்ந்து, தகட்டின் நடுவில் விழுந்தது. அம்மா அதைத் துடைக்க இரண்டு விரலை நீட்டினாள்.