மூன்றாவது படி

அண்ணி வடிவுக்குப் பிரசவ வலி எடுத்து ஒரு மணி நேரமாகியும் ஜீப் வரவில்லை என்று அண்ணன் சடையன் போனில் கத்தியபோது, ரேணுகாதேவி ஜமுனாமரத்தூர் வாடகை அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

“மூணு தபா பட்டன அமுக்கிட்டேன் ரேணு. ‘தகவல் கிடைத்தது’ன்னு வருது, வண்டியக் காணோம். நீ செஞ்சதுதான? இன்னா ஆச்சி?”

ரோடு சரியில்லாத மலைக்கிராமங்களுக்கென்று ஒரு சேவை அமைப்பு ஓட்டும் ஜீப் அது. அதை வரவழைக்கும் இணையதளத்தை எழுதியவள் அவள்தான். வரும் அழைப்பு நான்கு படிகளைக் கடக்கும். முதல் படி போன் நம்பரைப் பார்க்கும், இரண்டாவது ஒரே ஆளின் அழைப்புகளை ஒன்றாக்கும், மூன்றாவது முகவரியைச் சோதிக்கும், நான்காவது டிரைவருக்குச் சொல்லும். ஒவ்வொன்றும் தன் வேலையை முடித்து அடுத்ததன் கையில் கொடுத்துவிட வேண்டும். பைப்லைன் முறை. படிக்கவே அழகாயிருக்கிறது என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டதுண்டு.

டிரைவர் பிரகாஷைக் கூப்பிட்டாள்.

“ஒண்ணும் வர்லியேம்மா. காலைலேர்ந்து சும்மாதான் கீறேன்.”

“எங்க அண்ணிக்கு வலிண்ணா. வூட்டுக்குப் போங்க, சீக்கிரம்.”

“தோ, கெளம்பிட்டேன். முக்கா மணி நேரம் ஆவும்.”

முக்கால் மணி நேரம். மடிக்கணினியில் அழைப்புகளின் பதிவேட்டைத் திறந்தாள். அண்ணனின் அழைப்பு மூன்றாவது படியில் நின்றிருந்தது. காரணம்: தெருப்பெயர் இல்லை. பதினோரு வீடுள்ள ஊரில் எந்தத் தெரு? அங்கேயே பிறந்தவளுக்கு அது தோன்றவில்லை. சென்னைக் கடை ஒன்றுக்கு எப்போதோ எழுதிய படியை அப்படியே எடுத்துச் சொருகியிருந்தாள்.

அந்தப் படியை நீக்கினாள். பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. இதுவரை அங்கே நின்றுபோனவை எத்தனை?

முப்பத்தேழு.

பெயர்கள் வரிசையாக வந்தன. முத்தம்மாள், பாம்புக்கடி, பன்னிரண்டு நாளுக்கு முன்னால். ஐந்து முறை அழுத்தியிருந்தார்கள். ஐந்து முறையும் ‘தகவல் கிடைத்தது’ என்று அவள் எழுதிய வாக்கியம்தான் பதிலாகப் போயிருக்கிறது.

அண்ணனிடமிருந்து இன்னும் எதுவும் வரவில்லை. அவளால் சும்மா உட்கார முடியவில்லை. முத்தம்மாளின் நம்பரை அழுத்தினாள். மணி நெடுநேரம் அடித்தது.

“யாருங்க?” என்றது ஓர் ஆண்குரல். பின்னால் யாரோ உலக்கை போட்டுச் சாமை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

“முத்தம்மாள்…” என்றாள்.

உலக்கைச் சத்தம் நின்றது.