தீராத வயிற்றுவலி

ஆதிலட்சுமிக்குத் தன் பாடத்தின் மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. எண்பத்து நான்கில் புதுச்சேரிக் கல்லூரியில் அவள் வகுப்பு ஒரு சந்தைக்கடை. மாஹேப் பெண்கள் மலையாளத்தில் கிசுகிசுப்பார்கள், ஏனாம் பையன்கள் தெலுங்கில் சண்டை போடுவார்கள், வீட்டில் பிரெஞ்சு பேசும் இரண்டு பேர் முன்வரிசையில் யாரோடும் ஒட்டாமல் இருப்பார்கள். எல்லோருக்கும் பொதுவாக அவள் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். அச்சில் வந்ததெல்லாம் வேதமில்லை.

அன்று தமிழ்ப் பத்திரிகைச் செய்தி ஒன்றைப் படித்துக் காட்டினாள். தீராத வயிற்றுவலி, இளம்பெண் தற்கொலை.

"நம்ம ஊர்ப் பொண்ணுங்களுக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு வயித்துவலி? வீட்டுல சொல்லுவாங்க, போலீஸ் எழுதும், பேப்பர் போடும். செத்தவ பக்கத்து நியாயம் மட்டும் எங்கயும் வராது."

எங்கள் ஊர்ப் பத்திரிகையிலும் இதே வலிதான் என்றாள் ஒரு மாஹேப் பெண். வகுப்பே சிரித்தது. பாடம் மண்டையில் ஏறிவிட்டது என்ற குஷியில் ஆதிலட்சுமியும் சிரித்தாள். நெல்லித்தோப்பு வசந்தா மட்டும் சிரிக்கவில்லை. அதை ஆதிலட்சுமி கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் வசந்தாவின் அம்மா ராஜாம்பாள் கல்லூரிக்கே வந்துவிட்டாள். ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"பெரியவ ஜெயம் போனப்ப அந்த வயித்துவலியத்தாம்மா போடச் சொன்னோம். அவ ஒரு பையன விரும்புனா. அவளோட அப்பா அடிச்சிட்டாரு, அவ உசுர மாய்ச்சிக்கிட்டா. சின்னவளுக்கு அப்ப வெவரம் பத்தாது. இப்ப வந்து, வயித்துவலின்னு யாரு சொன்னதுன்னு கேக்கறா. அப்பா மொகத்த பாக்க மாட்டேங்கறா. சோறு எறங்கல. அக்கா இருந்த அதே ரூம்ல கதவ சாத்திக்கறா."

ஆதிலட்சுமி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"ஒன்ன வாரிக் குடுத்துட்டேன். ஜெயத்துக்கு நெசமாவே வயித்துவலிதான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்கம்மா. நீங்க சொன்னா கேப்பா."

முடியாது என்று சொல்லத்தான் ஆதிலட்சுமி வாய் திறந்தாள். சாத்திய கதவை நினைத்ததும் வாய் மூடிக்கொண்டது. அடுத்த வீட்டுப் புண்ணைக் கிளறிவிட்டு, உண்மைதானே என்று கைகழுவ அவளுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் வசந்தாவை நிறுத்தினாள்.

"உங்கம்மாகிட்ட விசாரிச்சேன். உங்கக்காவுக்கு நெசமாவே வயித்துவலி இருந்திருக்கு. நான் அன்னிக்குப் பொதுவாத்தான் சொன்னேன்."

எங்கே கேள்வி கேட்டுவிடுவாளோ என்று பயந்தாள். கேட்கமாட்டாளா என்றும் தவித்தாள். இத்தனை மாதம் சொல்லிக்கொடுத்ததில் ஒரே ஒரு கேள்வி போதும், அந்தப் பொய் நிற்காது.

வசந்தா தாவணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் முகம் தெளிந்தது.

"நீங்களே சொல்றீங்கன்னா சரியாத்தான் மிஸ் இருக்கும். நான்தான் அப்பாவ தப்பா நெனைச்சிட்டேன். போயி அவருகிட்ட மன்னிப்பு கேக்கறேன்."

வேகமாகப் படியிறங்கிப் போனாள். ஆதிலட்சுமி படிக்கட்டு வரை போய், அப்படியே வகுப்புக்குத் திரும்பினாள்.