இரு தரகர்களின் சனிக்கிழமைகள்

பாகூரில் நிலத் தரகு செய்த சுப்பராயலுவுக்கு வயதான பிறகும் இனித்த நினைவு, உதுமானோடு மாட்டுவண்டியில் புதுச்சேரிக்கு வகுப்புக்குப் போன சனிக்கிழமைகள்தான்.

அதற்கு முன் இருவருக்கும் பேச்சு கிடையாது. உதுமானும் தரகர். ஒருவர் பேசி முடித்த கிரயத்தை மற்றவர் கலைப்பதே வழக்கமாயிருந்தது. 1930களின் நடுவில் புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. தரகு செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்கு வகுப்பில் படித்துத் தேறவேண்டும். பிறகும் ஆண்டுதோறும் வந்து புது விதிகளைக் கேட்டுப் போனால்தான் சீட்டு செல்லும்.

வண்டி ஒன்றுதான் கிடைத்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து போனார்கள்.

வகுப்பெடுத்தவர் பாதிக்குமேல் பிரெஞ்சில் பேசினார். சுப்பராயலுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன்பு பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் கடை வைத்திருந்த உதுமானுக்கு அந்த மொழி கொஞ்சம் வரும். திரும்பும்போது, தவளக்குப்பத்தில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வண்டி நின்றது. சுப்பராயலுவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"பாய், கடைசியா அந்தாளு இன்னா சொன்னாரு?"

உதுமான் மெல்லத் திரும்பினார். "நெலத்துல இன்னா கொறை இருந்தாலும் வாங்கறவங்க கிட்ட மொதல்லயே சொல்லிடணுமாம்."

"சொன்னா எவன் வாங்குவான்?"

"நானும் அதத்தாண்ணே நெனச்சேன்."

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். மறு வாரம் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். உதுமான் பாடத்தைத் தமிழில் சொல்ல, சுப்பராயலு வழியில் தெரிந்த வயல்களைக் காட்டி வாதாடுவார். அந்தப் பேச்சில் வழி போவதே தெரியாது. இருவருமே தேறினார்கள்.

சீட்டு வந்த கையோடு குருவிநத்தத்துக் கனகாம்பாள் தன் ஆற்றோர நிலத்தை விற்றுத்தரச் சொன்னாள். சுப்பராயலு சேதராப்பட்டிலிருந்து அரங்கநாதனை அழைத்துவந்தார். விலை படியும் நேரத்தில், வகுப்பில் கேட்ட விதிப்படி, "மழைக்காலத்துல ஆத்துத் தண்ணி ஏறும், நெல்லு நிக்காது" என்றார். அரங்கநாதன் எழுந்து போய்விட்டார்.

"என் நெலத்த நீயே கெடுத்துட்டியே, நல்லாருப்பியா?" என்று கனகாம்பாள் கத்தினாள்.

சுப்பராயலு தலைகுனிந்து வந்து உதுமானிடம் சொன்னார். உதுமான் கொஞ்சம் யோசித்தார்.

"நெல்லுக்கு ஆவாது. வெள்ளரிக்கு? வண்டல் நெலமா பாருன்னு வில்லியனூர் ஜலாலுதீன் கேட்டுனே கெடக்கறாரு."

ஜலாலுதீன் வந்தார், மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தார், வாங்கிக்கொண்டார். கனகாம்பாள் இருவர் வீட்டுக்கும் பலகாரம் கொடுத்தனுப்பினாள். அன்றிலிருந்து இருவரும் கூட்டாகவே தரகு செய்தார்கள். ஆண்டுதோறும் வகுப்புக்கும் சேர்ந்தே போனார்கள்.

யுத்த காலத்தில் உதுமான் தொழிலை விட்டுக் காரைக்காலில் மகள் நூருன்னிசா வீட்டில் போய்த் தங்கினார். அந்த ஆண்டு சுப்பராயலு தனியாகப் புதுச்சேரிக்குப் போய்வந்தார். வண்டியில் எதிரே ஆளில்லாமல் வழி நீண்டுகொண்டே போனது. காரைக்காலிலும் அந்த வகுப்பு நடக்கிறது என்று தெரிந்ததும், மறு ஆண்டு ரயிலேறி அங்கேயே போய்விட்டார். உதுமானும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கே பாடம் முழுக்கத் தமிழில் நடந்தது.

வெளியே வந்ததும் உதுமான் கேட்டார். "எல்லாம் வெளங்கிச்சில்ல? அப்புறம் நான் எதுக்குண்ணே?"

"நீ சொல்லு பாய். கேக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்."

உதுமான் முதல் விதியிலிருந்து தொடங்கினார். கடற்கரை வரை பேசிக்கொண்டே நடந்தார்கள்.

அதற்கடுத்த ஆண்டு சுப்பராயலு சீட்டைப் புதுப்பிக்கவில்லை. உதுமான் கூட இல்லாமல் தரகு செய்ய மனம் ஒட்டவில்லை; அதை விட்டுவிட்டுத் தன் கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார்.