லேபிள் இல்லாத ஆறு போத்தல்

பெரிய துரையின் பிரெஞ்சு வைன் கெட்டுப்போயிருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் கொழுந்து பறிக்கும் கிருஷ்ணகுமாரி.

பலாங்கொடைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவில் யோசப் இருபது வருடமாகச் சமையல்காரர். 2003 ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் வழியில் வல்லாரைக்கீரை கொடுக்க கிருஷ்ணகுமாரி குசினிப் பக்கம் வந்தாள். யோசப் அப்போதுதான் ஒரு போத்தலைத் திறந்திருந்தார். மூன்று வருடத்துக்கு முன் விமான நிலையத்தில் துரை வாங்கியது. அதற்குரிய மரியாதையோடு அடுப்புக்கு மேலே பலகையில் நிறுத்தி, வாரம் ஒருமுறை துடைத்தும் வந்தார்கள்.

வாசலில் நின்றபடியே அவள் மூக்கைச் சுளித்தாள்.

"அண்ணே, அது செத்துப் போச்சு."

"என்னது, எலியா?"

"வைனுங்க. காடி வாசம் வருது. அடுப்புச் சூட்டுல வச்சா அப்படித்தான்."

யோசப் ஒரு மிடறு குடித்துப் பார்த்தார். ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினார்.

அன்று மாலை பாரிஸிலிருந்து தேயிலைக் கடைக்காரர் ஒருவர் வருவதாக இருந்தது. ஆட்டுத் தொடை ரோஸ்ட்டோடு அவர் நாட்டு வைனையே ஊற்றி, மறுநாள் காலையில் தேயிலைக்கு ஓடர் வாங்கிவிடலாம் என்பது துரையின் திட்டம். செய்தி கேட்டு அவர் குசினிக்கே வந்துவிட்டார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பெய்ரூட்டுல ஏழு வருசம் வீட்டு வேலைங்கய்யா. அந்த முதலாளி தெனமும் சாப்பாட்டோட இதத்தான் குடிப்பாரு."

அவள் சொல்லாமல் விட்டது கொஞ்சம் இருந்தது. அந்த முதலாளி பணக்காரர், ஆனால் கஞ்சன். பெரிய பெயருள்ள வைனை வாங்கமாட்டார். பெயரில்லாத நல்லதைத் தேடிப்பிடித்து, விருந்தாளிகளிடம் அந்தப் பெருமையையும் சேர்த்துப் பரிமாறுவார். எதை எந்த இறைச்சிக்கு எடுக்கவேண்டும், எதை எப்போது திறக்கவேண்டும் என்று அவளுக்குப் பழக்கியவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமையில்கூட அவளை வெளியே விடமாட்டார்கள். பாஸ்போர்ட் முதலாளியின் மனைவி மேடமின் அலுமாரிக்குள் இருந்தது. விருந்து முடிந்ததும் கிளாஸ்களின் அடியில் மிஞ்சியதைக் கழுவுமுன் ஒரு சொட்டு நாக்கில் வைத்து, இது எந்தப் போத்தல் என்று தனக்குத்தானே சொல்லிப்பார்ப்பாள். நாலாவது வருடத்துக்குப் பிறகு அவள் பிழைவிட்டதே இல்லை. எச்சில் வைனைக் குடித்தவள் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரிடம் சொல்ல முடியும்?

"நல்லதா இருக்கணும். விலையும் மட்டா இருக்கணும்" என்றார் துரை. "டிரைவர் ஜுனைதீனோட ஜீப்பில டவுனுக்குப் போய் வாங்கிட்டு வா."

பலாங்கொடையில் 'வைன் ஸ்டோர்ஸ்' என்று பெயர்ப்பலகை மாட்டிய கடைகள் மூன்று. மூன்றிலும் சாராயம் இருந்தது, பியர் இருந்தது. வைன் எங்கே கிடைக்கும் என்று கேட்டபோது ஒருவன் இரத்தினபுரிக்குப் போகச் சொன்னான்.

இரத்தினபுரிக் கடையில் வேறு சிக்கல். கம்பிவலைக்குப் பின்னால் இருந்த முதலாளி அவளைக் கண்டதும் தலையாட்டினார்.

"கேனுன்ட தென்ன பே."

பெண்களுக்குக் கொடுக்க முடியாதாம், சட்டமாம். ஜுனைதீன் ஐந்து வேளையும் தொழுகிறவர். வாழ்நாளில் இப்படியொரு கடையின் படியை மிதித்ததில்லை. வைனைத் தெரிந்தவளுக்கு வாங்க அனுமதியில்லை, அனுமதி உள்ளவருக்கு அதைத் தொடவே விருப்பமில்லை.

"தங்கச்சி, காசை நான் குடுக்குறேன்" என்றார் ஜுனைதீன் கடைசியில். "சாமான ஜீப்புல அவங்களே வைக்கட்டும். என் கைல தர வேணாம்."

பிறகு அவரே சிங்களத்தில் பேசிச் சம்மதிக்கவைத்தார். அவள் வீதியோரத்தில் நிற்க, முதலாளி போத்தல்களை ஒவ்வொன்றாகப் படிக்குக் கொண்டுவந்து காட்டினார். வந்ததெல்லாம் பளபளப்பான லேபிளும் இனிப்புச் சரக்கும். "இது கேக்குல ஊத்தத்தான் சரி" என்று அவள் திருப்பி அனுப்பினாள். ஐந்தாவது தடவை உள்ளே போனவர் எரிச்சலோடு ஒரு மரப்பெட்டியை இழுத்துவந்து போட்டார்.

மே மாத வெள்ளத்தில் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்த பெட்டி. மாணிக்க வியாபாரி ஒருவர் வெளிநாட்டு விருந்தாளிகளுக்காகச் சொல்லிவைத்து, வெள்ளத்துக்குப் பிறகு வேண்டாம் என்றுவிட்டாராம். ஆறு போத்தல். லேபிள் ஒன்றிலும் இல்லை, எல்லாவற்றிலும் சேறு.

கிருஷ்ணகுமாரி குந்தி உட்கார்ந்தாள். தோள் நிமிர்ந்த போத்தல், ஆட்டிறைச்சிக்குப் பெய்ரூட் முதலாளி எடுக்கச் சொல்லும் வகை. முந்தானையால் சேற்றைத் துடைத்து ஒவ்வொன்றையும் வெயிலுக்கு எதிரே பிடித்தாள். ஒன்றிலும் அளவு குறையவில்லை, கசிவும் இல்லை. ஒரு கத்தி கேட்டு வாங்கி, மூடிக்கு மேலிருந்த தகட்டைக் கீறி எடுத்தாள். கழுத்துக் கண்ணாடி வழியே கார்க்கில் அச்சடித்த எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அதை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"என்னா போட்டிருக்கு?" என்றார் ஜுனைதீன்.

"அவங்க தோட்டத்துலயே போத்தல்ல அடைச்சதுன்னு போட்டிருக்கு. தொண்ணூத்தாறாம் வருசம். கலப்படக் கொம்பனிச் சரக்கு இல்லண்ணே."

"அப்ப விலை?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் சிரிச்சேன்னு காட்டிக்காதீங்க. சேத்தக் காட்டிப் பேசுங்க."

ஜுனைதீன் சேற்றைக் காட்டிப் பேசினார். ஆறையும் சாராய விலைக்கே கொடுத்தார் முதலாளி. பெட்டி போனதே அவருக்கு நிம்மதி.

விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு போத்தல்களைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிவைக்கச் சொன்னாள் கிருஷ்ணகுமாரி. ஏதும் பிழை வந்தால் யார் தலையில் விழும் என்று யோசித்த யோசப் அவளை வீட்டுக்குப் போகவிடாமல் குசினியிலேயே நிறுத்திக்கொண்டார்.

பிரெஞ்சுக்காரர் முதல் மிடறு குடித்தார். இரண்டாவது மிடறை வாய்க்குள் உருட்டிவிட்டு, "இதை யார் தெரிவுசெய்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான்" என்றார் துரை. "எனக்கு இதில் கொஞ்சம் ஈடுபாடு உண்டு."

"எந்த ஊர்?"

துரை ரோஸ்ட்டை வெட்டினார். பிறகு இன்னொரு துண்டை வெட்டினார். கடைசியில், இந்த விபரங்களையெல்லாம் கவனிப்பது யோசப்தான் என்று சொல்லி அவரைக் கூப்பிட்டார்.

யோசப் வாழ்க்கையில் பொய் சொன்னவரில்லை. "ரத்னபுர, சேர்" என்றார்.

பிரெஞ்சுக்காரர் கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். இலங்கையில் இப்படியொரு வைன் விளைகிறதா என்று அவர் கேட்டதும் யோசப் பதறிப்போய், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, அந்தப் புள்ளையக் கேளுங்க" என்று கிருஷ்ணகுமாரியை உள்ளே இழுத்துவந்துவிட்டார்.

அவள் ஈரக் கையோடு நின்றாள். பிரெஞ்சு பேசுவாயா என்று அவர் தன் பாஷையில் கேட்டார். பேசுவாள். ஆனால் பெய்ரூட்டில் மேடம் பேசியதைக் கேட்டே பழகிய பிரெஞ்சு அது, முழுக்கக் கட்டளை.

"உட்காரு" என்றாள் அவள் அந்தப் பாஷையில், மிக மரியாதையாக. "மெதுவாகக் குடி. மேசைவிரிப்பில் சிந்தாதே."

பிரெஞ்சுக்காரர் சிரித்த சிரிப்பில் மேசைவிரிப்பில் சிந்தியேவிட்டது. அவள் கார்க்கைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை முகர்ந்தார், படித்தார், விலையைக் கேட்டார். சொன்னதும், பாரிஸில் இதற்குப் பத்து மடங்கு கொடுக்கவேண்டும் என்றார். பிறகு எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இவருக்கு ஒரு கிளாஸ்" என்றார்.

துரைதான் ஊற்றவேண்டியிருந்தது. அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே, அவசரப்படாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள். ஏழு வருடமாக அடியில் மிஞ்சியதை வைத்துத் தான் ஊகித்ததெல்லாம் சரிதான் என்று தெரிந்தது. யாரும் வாய் வைக்காத கிளாஸில் இன்னும் நன்றாக இருந்தது, அவ்வளவே.

மறுநாள் காலை ஃபெக்டரியில் வரிசையாக வைத்த தேயிலைச் சாயத்தைப் பிரெஞ்சுக்காரர் ஒவ்வொரு கரண்டியாக உறிஞ்சி, முறைப்படி துப்பி, "நல்லது" என்றார். போகும்போது மிச்சம் நாலு போத்தலையும் கேட்டார். ஓடர் பின்னால் வரும் என்ற நம்பிக்கையில் துரை அவற்றைத் தேயிலை உறைகளுக்கு நடுவே பத்திரமாகக் கட்டிக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வைனைப் பாரிஸில் நண்பர்களுக்குக் கொடுத்தாராம், எல்லோரும் கொண்டாடினார்களாம். அந்தப் பெண்ணால் மேலும் இரண்டு பெட்டி தேடித்தர முடிந்தால் நல்ல விலை கொடுப்பாராம். தேயிலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

துரை அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"இனி நீ மலைக்குப் போகவேணாம். பங்களாவிலேயே இரு. விருந்தாளிங்க வந்தா வைன் விசயத்தைப் பார்த்துக்க. நிழல் வேலை, சாப்பாடும் இங்கேயே."

"வேணாங்கய்யா."

"ஏன்?"

"ஒரே வீட்டுக்குள்ள ஏழு வருசம் இருந்துட்டேங்க. போதுங்க."

துரைக்குப் புரியவில்லை. நல்ல மனிதர்தான், அதனால் வற்புறுத்தவும் இல்லை.

அன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் நடந்ததையெல்லாம் பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கும் வெள்ளையம்மாவிடம் சொன்னாள் கிருஷ்ணகுமாரி. எச்சில் கிளாஸ் சங்கதியையும் மறைக்கவில்லை. வெள்ளையம்மா ரொட்டியை மென்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அது கெடக்கட்டும்டி. அப்படி என்னாதான் ருசி அதுல?"

"மொதல்ல லேசாப் புளிக்கும். அப்புறம் நாக்குல துவர்ப்பா நிக்கும்."

"அதுக்குப் போயி இத்தன ஆர்ப்பாட்டமா? நாவப்பழம் திங்கலாமே!"

கிருஷ்ணகுமாரி மறுக்க வாயெடுத்தாள். கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். கீழ் நிரையில் இருந்தவர்கள் என்ன விசயம் என்று தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கங்காணி மேலேயிருந்து சத்தம் போட்டார்.