தோளில் மாட்டிய கிளிப்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம். மகளுக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி போடுகிறவர், போட்ட கையோடு ஒரு துணி கிளிப்பைத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவள் சாப்பிட்டு முடித்ததும் கழற்றலாம். சட்டம் போட்டவர் என் கணவர், பஸ் டிரைவர். என் மண்டையை நம்பி இனி எதையும் விட முடியாது என்று தெரிந்த பிறகு போட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். மகளுக்கு இந்த நோய் வந்ததிலிருந்து என் தலைக்குள் வேறு எதற்கும் இடமில்லை. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருடையதை இன்னொருவருக்கு மாட்டிவிட்டு, "நல்லா தெரியுதா சார்?" என்று கேட்டிருக்கிறேன். "என் வீட்டுக்காரி ரொம்ப அழகா தெரியறா. இது என் கண்ணாடி இல்லம்மா" என்றார் மனிதர். கடையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

இன்று சாயங்காலம் சிரிப்பு வரவில்லை. மகள் பாதித் தட்டைக் காலி செய்திருந்தாள். என் தோளில் கிளிப் இருந்தது. அப்பாடா என்று உட்காரப் போனேன். நாற்காலியில் ஈரத்துணி குவிந்து கிடந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் மழை தூறியபோது பால்கனிக்கு ஓடி நான்தான் அள்ளி வந்தேன். கொடியில் துணி எடுக்கும்போது கிளிப்பைத் தோளில் மாட்டிக்கொள்வது என் கைப்பழக்கம். அப்படியானால் இது ஊசிக்கு மாட்டியதா, துணிக்கு மாட்டியதா?

ஊசி போட்டது ஞாபகம் இருந்தது. சட்டையைத் தூக்கியது, அவள் முகம் சுளித்தது, எல்லாம். ஆனால் அது இன்றா, நேற்றா? தினமும் அதே ஊசி, அதே முகச்சுளிப்பு. பழைய ஊசிகளைப் போடும் டப்பா நிரம்பிக் கிடந்தது. அதில் இன்றையது எது என்று எந்தச் சாமி வந்து சொல்லும்?

"உனக்கு ஊசி போட்டேனாடி?"

"போட்டாச்சும்மா." தட்டிலிருந்து நிமிரவில்லை அவள்.

ஊசிக்குப் பயந்து புளுகுகிறாளோ? இரண்டாம் முறை போட்டுவிட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். உயிருக்கே ஆபத்து. போடாமல் விட்டால் ஏறிக்கொண்டே போகும், அதுவும் ஆபத்து. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார் என்று தெரிந்தும் கணவருக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அடித்தேன். நர்ஸ் எடுத்தார்.

"சந்தேகம்னா திரும்பப் போடவே போடாதீங்கம்மா. டெஸ்ட் பண்ணிட்டே இருங்க. தூங்க விடாதீங்க."

"உங்களுக்கு என்ன தோணுது சிஸ்டர்?"

"எனக்குத் தோணி என்ன ஆகப்போகுது? மெஷின் சொல்லட்டும்."

அவள் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தேன். மெஷின் காட்டிய எண் இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை. மகள் கொட்டாவி விட்டு மேஜைமேல் தலையைச் சாய்த்தாள். சர்க்கரை இறங்குகிறதா, பள்ளிக்கூடத்துக் களைப்பா? நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுத்தது அவள் நெற்றியா, என் கையா என்று புரியவில்லை. குளுக்கோஸ் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "வாய்ப்பாடு சொல்லுடி" என்று கத்தினேன். அவள் திக்கித் திக்கிச் சொன்னாள். பெற்ற தாய்க்கு இதுகூட நினைவில்லையா என்று என்மேலேயே வெறுப்பாக வந்தது.

மறுபடி குத்தினேன். எண் ஏறியிருந்தது. இன்னொரு முறை குத்தியபோது எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. நர்ஸுக்குத் திரும்ப ஃபோன் செய்தேன்.

"போடலைன்னுதான் தெரியுது. இப்போ போட்டுடலாம்" என்று நர்ஸ் அளவு சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். அவர் இன்னொரு முறை சொல்லவைத்தார். போட்டேன்.

பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"ஏன்டி பொய் சொன்னே? ஊசின்னா அவ்வளவு பயமா?"

"பயமெல்லாம் இல்ல."

"பின்னே?"

அவள் சட்டை நுனியைத் திருகினாள். "மறந்துட்டேன்னு தெரிஞ்சா நீ பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அழுவே. தண்ணியத் திறந்துவிட்டாலும் எனக்குக் கேக்கும்."

அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நான் பாடுபட, அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள், தன் உயிரைப் பணயம் வைத்து.

"நான் அழுதா எனக்கு ஒண்ணும் ஆகாதுடி. நீ பொய் சொன்னா உனக்கு ஆயிடும். இனிமே நான் மறந்தா மறந்துட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லணும். சொல்லுவியா?"

யோசித்தாள். "சொல்றேன். ஆனா நீ கதவைச் சாத்தக் கூடாது."

சரி என்றேன். அவள் எதிரிலேயே, அந்த ஈரத்துணிக் குவியல்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.